மாரித் தும்பியும் கரைமணல் வண்டும்

மாரி பிறந்து வெள்ளம் நின்றதும் யாழ்ப்பாணத்தை ஒட்டிய மண்டைதீவின் பள்ளக் காணிகளுக்கு மேலே மஞ்சள் தும்பிகள் கூட்டங்கூட்டமாகச் சுற்றும். பன்டாலா ஃபிளேவெசென்ஸ் என்பது இவற்றின் அறிவியற் பெயர். இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கிழக்கு ஆபிரிக்கா வரை இவை கடல் தாண்டுகின்றன என்று உயிரியலாளர் சார்ள்ஸ் அன்டர்சன் 2009இல் எடுத்துரைத்தார்.

இவ்வளவு தூரம் பறப்பது முட்டையிட மழைத்தண்ணீரைத் தேடித்தான். புதிதாய்த் தேங்கிய வெள்ளத்தில் குஞ்சுகளைத் தின்ன மீன் இல்லை. ஆனால் அது வற்றிவிடும். வேறு பல தும்பிகளின் குஞ்சுகள் ஓராண்டுக்கு மேலும் நீரில் கிடக்க, இதன் குஞ்சு ஆறேழு வாரத்திலேயே வளர்ந்து சிறகு விரித்துவிடும். மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டி நுளம்புக் குடம்பிகளைப் பிடிக்கும். மூச்சு விடுவது குதத்திலுள்ள செவுள்களால். ஆபத்து வந்தால் அதே வழியால் தண்ணீரைப் பீய்ச்சிப் பாயும்.

கரைமணலில் ஓடும் புலி வண்டின் கதை வேறு. தரை வண்டுகளின் கிளையாக நெடுங்காலம் கருதப்பட்டு, அண்மையில் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டவை புலி வண்டுகள். இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் ஹைபீதா பைரமோசா கடற்கரை மணலை விட்டு உள்நாட்டுக்குப் போவதில்லை. புலி வண்டுகள் இரையைத் துரத்தும் வேகத்தில் கண்ணுக்குப் போதிய ஒளி சேராது, இரை மறைந்துவிடும். அதனால் ஓடி, நின்று, பார்த்து, மறுபடி ஓடும். குஞ்சு மணலில் நேர்க்குத்தாக வளை தோண்டி, தட்டையான தலையால் வளையின் வாயை அடைத்துக்கொண்டு காத்திருக்கும். எறும்பு கிட்ட வந்தால் பின்புறமாக வளைந்து கவ்வும். இரை திமிறினாலும் முதுகிலுள்ள கொக்கிகள் வளைச்சுவரில் மாட்டியிருப்பதால் குஞ்சு வெளியே இழுபடாது.

வளர்ந்த பிறகு இரண்டுக்கும் சிறகுண்டு. எங்கே வாழலாம் என்பதைத் தீர்மானிப்பதோ குஞ்சுப் பருவம். ஒரு பள்ளத்தை நிரவினால் தும்பி அடுத்த வெள்ளத்தைத் தேடிப் போகும். கரைமணலை அள்ளினாலோ, அதன்மேல் வாகனம் ஓட்டினாலோ வளைக்குள் இருக்கும் குஞ்சுக்குப் போக்கிடமில்லை. எல்லோர் கண்ணிலும் படும் தும்பியைவிட, யாரும் கவனியாத இந்த வண்டு பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மைதானம் வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டும். வரைபடம் கீறுவோர் வெள்ளம் நிற்கும் பள்ளங்களையும் கரைமணலையும் முதலில் குறித்துவிட்டு, அவற்றைத் தொடாமல் மிச்சத்தில் கட்டட்டும்.