கறுப்பு மரத் தேவாலயத்தைப் படமெடுக்க

ஆஸ்லோவின் பிக்டோய் தீபகற்பத்தில், திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது கோல் மரத் தேவாலயம். சுமார் 1200-இல் கட்டியது. ஹாலிங்டால் பள்ளத்தாக்கில் இடிபடவிருந்ததை, மன்னர் இரண்டாம் ஆஸ்கார் பணம் கொடுக்க, பிரித்துக் கொண்டுவந்து 1880-களில் இங்கே எழுப்பினார்கள். கூரை முகட்டில் நம் யாளியைப் போல வாய் பிளந்த டிராகன் தலைகள். அதே கூரையில் சிலுவையும்! இரண்டும் ஒரே படத்தில் விழும்படி நில்லுங்கள். தார் பூசிய கறுத்த சுவரைக் கேமரா வெளிறிய சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தால் அசல் கறுப்பு வரும். உள்ளே பெரிய ஜன்னலே கிடையாது. கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் 1652-ஆம் ஆண்டு ஓவியங்கள் மெல்லத் துலங்கும். அங்கே ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், நேயர்களே.