ஓதம் ஏறிய சுவர்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழை ஓய்ந்து, தை பிறந்து வெயில் காயத் தொடங்கிய பின்னரும், புதுச்சேரி வைசியாள் வீதியிலோ அதையொத்த பழைய தெரு ஒன்றிலோ ஒரு வீட்டின் நடைக்குள் நுழைந்து, சுவரின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அது ஈரத்துணி போல் குளிர்ந்திருப்பதையும், இடுப்பளவு உயரத்துக்கு உப்பு பூத்து, விரல் பட்ட மாத்திரத்தில் காரை மாவாக உதிர்வதையும் காணலாம். இதற்கு வீட்டார் வழக்கமாகச் செய்யும் சிகிச்சை, உதிர்ந்ததைக் கொத்தியெடுத்துவிட்டு சிமென்டு பூசிப் பெயின்ட் அடிப்பதாகும். ஓரிரு மழைக்காலம் சுவர் லட்சணமாகவே இருக்கும். பிறகு சிமென்டு முடிந்த இடத்துக்கு மேலே, அதுவரை ஈரமே காணாத உயரத்தில், ஓதம் தலைகாட்டும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலவே, செங்கல்லின் சூக்ஷ்மமான துவாரங்கள் வழியே பூமியின் ஜலம் ஏறுகிறது. கடலோர மண்ணின் உப்பும் அதனோடு கரைந்து வருகிறது. சுண்ணாம்புக் காரை அந்த ஜலத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும் சுபாவமுடையது. சிமென்டு விடாது, வழி அடைபட்ட ஈரம் மேலே ஏறுவதைத் தவிர வேறென்ன செய்யும்?

தரையின் கதையும் இதுவே. ஐரோப்பாவின் பழைய வீடுகள் பலவற்றில் பலகைத் தரைக்கடியில் வெற்றிடம் விட்டு, வெளிச்சுவரின் அடியில் சிறு துவாரங்கள் வைத்து, காற்று சஞ்சரிக்க வழிசெய்திருப்பார்கள். அவற்றை மண் மூடினால் பலகையைத் தாங்கும் மரம் உளுத்துவிடும். மணல் நிரப்பி மேடாக்கிச் செங்கல் தளவரிசை பதித்த நம் வீட்டுத் தரையில் அந்த வெற்றிடம் கிடையாது. ஆனால் கல்லின் இடுக்குகள் மண்ணை மூச்சுவிடச் செய்தன. முற்றம் அந்த ஈரத்தை வானத்துக்கு அனுப்பியது. இன்றோ சுவருக்குச் சுவர் கிரானைட் போட்டு, முற்றத்தின் மீது தகடு வேய்ந்துவிட்டு, ஓதத்தை நொந்துகொள்கிறோம். போதாக்குறைக்கு, சுரண்டாமலே மேலுக்கு மேல் போடப்படும் சாலை, படியேறி நுழைந்த வீட்டைப் படியிறங்கி நுழையும் வீடாக்கிவிடுகிறது.

பழைய கட்டடத்தை இழப்பது எவ்வளவு சுலபம் என்பதை, 2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் இடிந்து விழுந்த, புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள ‘மேரி’ எனும் பழைய நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அதே உருவில் மீண்டும் எழுப்பித் திறக்க 2021 ஆயிற்று. திரும்பி வந்தது அதன் உருவமேயன்றி, பழைய சுவர் அன்று.

பரிகாரம் எளிது, பொறுமைதான் வேண்டும். மழை ஓய்ந்ததும் ஈரம் தெரியும் கோட்டுக்கு ஓரடி மேல்வரை சிமென்டைக் கொத்தியெடுத்து, உப்பை நீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தள்ளி, கோடை முழுவதும் சுவரை வெறுமையாய்க் காயவிட வேண்டும். வீட்டுக்குள் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு டைல்ஸை எடுத்துக் கூழாங்கல் பரப்பலாம். வெளியே மழைநீர் சுவரடியில் தேங்காமல் வாட்டம் செய்வது அவசியம். பின்னரே சுண்ணாம்புக் காரையும் வெள்ளையும். அது இறுகும் நாட்களில் வெயில் சுள்ளென்று படாமல் சாக்கு கட்டி நனைத்து வரவேண்டும்.

இந்தத் தையில் கொத்தனார் சிமென்டு மூட்டையுடன் வந்தால், சுவரோரத்து டைல்ஸ் ஒன்றை முதலில் பெயர்க்கச் சொல்லி, அடியிலுள்ள மண்ணைத் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால், மூட்டையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.