அப்பாவுக்குக் கேட்காத ‘ஸ்டாப்’

“ஸ்டாப்!” என்றார் பயிற்சியாளர். வரிசையில் நின்ற ஏழு பேரும் துப்பாக்கியை மேசையில் வைத்தார்கள். எட்டாவது ஆள் நிதானமாகக் கையை உயர்த்தி, குறிபார்த்து, இன்னொரு முறை சுட்டார். அவர் என் அப்பா. வயது 68.

நல்லவேளை, கோட்டைத் தாண்டி யாரும் போயிருக்கவில்லை.

சிங்கப்பூரில் துப்பாக்கியா என்று கேட்காத உறவினர் இல்லை. இது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஒலிம்பிக் விளையாட்டு. காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு பாயும். அதுவும் நம் சட்டத்தில் ஆயுதம்தான். சங்கத்தின் பூட்டிய அறையைவிட்டு வீட்டுக்கு வராது. எழுபதுகளில் தேசிய சேவையில் எம்16 தூக்கியவர், ஓய்வுபெற்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் சேர்ந்துவிட்டார். வயதைப் பற்றி யாராவது பேசினால் பதில் தயாராக இருக்கும். சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது வயது 72. உத்தரப் பிரதேசத்தின் சந்த்ரோ தோமர், பேத்தியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் துப்பாக்கியைத் தொட்டபோது அறுபதைத் தாண்டியிருந்தார்.

பயிற்சியாளரும் வயதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. ஒற்றைக் கையை நீட்டிப் பிடிக்கவேண்டும். அப்பாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார். தொடக்கத்தில் கையைத் தாங்கியின்மேல் வைத்துச் சுடலாம் என்றார். கண்ணாடிதான் பெரும்பாடு. இந்த விளையாட்டில் துப்பாக்கி முனையில் உள்ள முன்குறி தெளிவாகத் தெரியவேண்டும். தூரத்து இலக்கு மங்கினால் பரவாயில்லை. படிக்கிற கண்ணாடி புத்தக தூரத்துக்குத்தான் சரிவரும். முன்குறியோ நீட்டிய கையின் தொலைவில் இருக்கிறது. ‘புரோகிரஸிவ்’ கண்ணாடி போட்டால் தலையை அண்ணாந்தால்தான் தெரிகிறது. கடைசியில் கண்ணிலிருந்து முன்குறி வரை டேப்பால் அளந்து, கடையில் சொல்லி, அதற்கென்றே ஒரு கண்ணாடி செய்தோம்.

காதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. ‘கேட்பதில் குறை உண்டா?’ என்ற கேள்விக்குப் படிவத்தில் ‘இல்லை’ என்று அப்பா குறித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன்; பேசாமல் இருந்துவிட்டேன்.

கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வீட்டில் என் காலை நிகழ்ச்சி ஓடினால் மின்தூக்கி வரை கேட்கும். “நீ நல்லாத்தான் பேசுற, கொஞ்சம் முணுமுணுக்கிற” என்பார். வானொலியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்கள்!

அன்று அந்தக் குண்டுக்குப் பிறகு, “கவனிக்கல” என்றார் அப்பா. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வகுப்பு போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த முறை கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் நிற்கலாம்.

சொல்லிவிட்டேன். எம்ஆர்டியில் வீடு வரும்வரை அப்பா என்னோடு பேசவில்லை.

மறுவாரம் பயிற்சியாளரே அழைத்தார். “அங்கிள், ‘ஸ்டாப்’ எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் சலுகை கிடையாது. அது உங்களுக்கு வந்து சேர நான் வழி செய்கிறேன்” என்றார். முதலில் செவித்திறன் சோதனை, அதுவரை துப்பாக்கி கிடையாது. பிறகு அவருக்குப் பக்கத்திலேயே முதல் தடம். சாதாரண காதுக்கவசத்துக்குப் பதில், பேச்சைப் பெரிதாக்கி உரத்த சத்தத்தை அடக்கும் மின்னணுக் கவசம். ஒவ்வொரு கட்டளையையும் அப்பா உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே செய்யவேண்டும். கட்டளையோடு பயிற்சியாளர் கையையும் உயர்த்துவார்.

திருப்பிச் சொல்வதுதான் அப்பாவுக்குக் கூச்சம். “சின்னப் பிள்ளைங்க முன்னாடி பாலர் பள்ளி மாதிரி” என்று முனகினார். மூன்றாவது வாரம் பார்த்தால், பக்கத்துத் தடத்துப் பெண்ணும் “லோட்”, “ஸ்டார்ட்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதற்றம் குறைகிறதாம்.

காது கேட்கும் கருவி வாங்க அப்பா இரண்டு மாதம் இழுத்தடித்தார். போட்டுக்கொண்ட மறுநாள், நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடமிருந்து அழைப்பு.

“செய்திக்கு முன்னாடி தண்ணி குடிக்கிறியாம்மா? முழுங்குற சத்தம் கேக்குது. மைக்க மூடிட்டுக் குடி.”