ஆம்பிளை வட்டத்தில் பெண்களை ஆட வைத்த தாசம்பாளையம் பத்திரப்பன்!
87 வயதில் தேடி வந்தது பத்மஸ்ரீ

மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது தாசம்பாளையம். 2024-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி டெல்லியில் இருந்து வந்த ஒரு பட்டியலால் அந்த ஊர்ப் பெயர் நாடு பூராவும் அடிபட்டது.

அந்த ஆண்டு அறிவித்த பத்ம விருதுகள் 132. நடிகை வைஜெயந்திமாலாவுக்கும் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்பிரமணியத்துக்கும் பத்மவிபூஷண். மறைந்த ‘கேப்டன்’ விஜயகாந்துக்கு பத்மபூஷண். இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, பத்மஸ்ரீ வரிசையில், ‘பத்திரப்பன்’ என்று ஒரு பெயர்.

யாருங்க இந்தப் பத்திரப்பன்?

சினிமா டான்ஸ் மாஸ்டர் அல்ல. சபா மேடையில் சலங்கை கட்டியவரும் அல்ல. வள்ளி ஒயில் கும்மி வாத்தியார்!

முருகன் கதை

வள்ளி கும்மியைப் பற்றி கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவில் நோம்பி என்றால் கும்மி உண்டு. தினைப்புனத்தில் கிளி விரட்டும் வள்ளி, வேடனாக வந்து வம்பு பண்ணும் முருகன், கிழவன் வேஷம், யானையைக் கண்டு வள்ளி மிரள்வது, கடைசியில் கல்யாணம். இந்தக் கதையை வாத்தியார் பாட்டாகப் பாடுவார். வட்டமாக நிற்பவர்கள் கை தட்டி, குனிந்து நிமிர்ந்து, சுற்றித் திரும்பி ஆட வேண்டும்.

பார்க்க சுலபம்தான். ஆடிப் பார்த்தால் தெரியும் சங்கதி! முன்னால் போகிறவர் ஒரு அடி பிசகினால் பின்னால் வருகிறவர் மோதுவார். எத்தனை பேர் ஆடினாலும் கைத்தட்டு ஒன்றாய் விழ வேண்டும்.

இந்த ஆட்டம் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது. கதை வள்ளியின் கதை. ஆடியது மட்டும் ஆம்பிளைகள். பொம்பிளைகள் ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கும்மி கற்றுக் கொடுத்தார் பத்திரப்பன். விருது அறிவிப்பிலேயே இதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். வெளிச்சத்துக்கு வராத 34 பேரைத் தேடிப் பிடித்துக் கவுரவித்த வரிசையில் அவரும் ஒருவர்.

பாரீசிலும் இதே கதை!

இது நம்ம ஊர் சமாசாரம் மட்டும் அல்ல. பாலே நடனம் என்றதும் கால் விரல் நுனியில் நிற்கும் பெண்தானே நினைவுக்கு வருகிறாள்? ஆனால் பாரீஸ் ஓபரா மேடையில் ஆரம்பத்தில் ஆண்களே பெண் வேஷமும் கட்டி ஆடினார்கள். 1681-ம் ஆண்டுதான் லாஃபோந்தேன் என்ற பெண் அங்கே தொழில்முறை நடனக்காரியாக மேடை ஏறினார். அதன் பிறகு பாலேயின் முகமே மாறிப்போனது.

இங்கும் அப்படித்தான். இன்றைக்கு எந்த ஊர் அரங்கேற்றத்துக்குப் போனாலும் ஒரே நிறச் சேலையில் பெண்கள் கூட்டம்தான் கண்ணில் படுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், காலேஜ் பெண்கள், வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மாக்கள் என்று சாயங்காலம் கோவில் மைதானத்தில் பழகுகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம் நெருடுகிறது. அண்மைக் காலத்தில் சில அரங்கேற்ற மேடைகளில் சாதிப் பெருமைப் பேச்சும் கேட்கிறது. சொந்த சாதியில்தான் கல்யாணம் கட்ட வேண்டும் என்று பெண்களுக்கு மைக்கில் உபதேசம்! வள்ளி குறவர் குடியில் வளர்ந்தவள். முருகன் அவளை ஆசைப்பட்டுத் தேடி வந்து கட்டிக்கொண்டான். விடிய விடிய அந்தக் கல்யாணத்தைப் பாடி ஆடிவிட்டு இப்படிப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

மேடைப் பேச்சு எப்படிப் போனாலும் பழகும் இடத்தில் வேலை நடக்கிறது. முதல் நாள் வருகிறவர்களுக்குக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது. வாத்தியார் நிறுத்தி, முதல் அடியில் இருந்து மறுபடி எடுக்கிறார்.