பிடரி நரம்பும் சத்திரசிகிச்சையும்

கதிர்க்கட்டைத் தலையிற் சுமந்து வயலிலிருந்து சூட்டுக்களத்துக்கு நடந்த வன்னி உழவர்கள் இன்று முதியோராயுள்ளனர். அவ்வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. கழுத்து மட்டும் பழைய சுமையை மறந்திலது. அவர்களிற் சிலர் கைக்கடுப்பென்று முறையிடும் நோவின் வேர், கையிலன்றிக் கழுத்திலேயே இருத்தல் கூடும்.

கழுத்தில் ஏழு முள்ளென்புகள் உள்ளன. எட்டுச் சோடி நரம்புகள் அங்கிருந்து வெளிப்படுகின்றன. என்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த இடைத்தட்டுப் பிதுங்கினாலும், வயதினால் என்பின் ஓரம் வளர்ந்தாலும் நரம்பு நெரிபடும். நெரிபடுவது ஆறாவது நரம்பாயின் பெருவிரலும், ஏழாவதாயின் நடுவிரலும், எட்டாவதாயின் சின்னவிரலும் விறைப்பது வழக்கம். எந்த விரல் என்று வைத்தியர் முதலிற் கேட்பது இதனாலேதான்.

நோயாளரிற் பெரும்பாலோர் மருந்தாலும் தேகப்பயிற்சியாலும் சில வாரங்களில், அன்றிச் சில மாதங்களிற் சுகமடைவர். நோவு தணியாவிடினும் கை வலுக்குன்றினும் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிப்பர். ஆனால் சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல்கள் தடுமாறுவதும், நடை தள்ளாடுவதும் வேறு கதை. அவை முண்ணாணே நெரிபடுவதன் அறிகுறிகளாகலாம். அங்கே இழந்த வலு முழுவதும் மீளுமென்று எவரும் உறுதி கூறார்; மேலும் இழவாது தடுப்பதே சிகிச்சையின் முதல் நோக்கம். ஆதலாற் காலதாமதம் தகாது. சுளுக்கெடுப்பதாகச் சொல்லிக் கழுத்தைத் திருகுவதோ பேராபத்து.

நெரிபடும் இடத்தைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கான். அது வலிய காந்தத்தால் இயங்குவது. 2009 இல் முடிந்த போரின் எறிகணைச் சிதறல்களை உடலில் தாங்கியவர்கள் வன்னியிற் பலர். கேட்கும்வரை காத்திராது, அதனை அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். கண்ணருகே இரும்புத்துண்டு இருப்பின் காந்தம் அதனை அசைத்துவிடக்கூடும். அத்தகையோர்க்கு சி.ரி. ஸ்கான் போன்ற வேறு வழிகள் உள.

முன்னர் பிடரிப்புறமாகவே கழுத்தைத் திறந்தனர்; இன்றும் சிலருக்கு அவ்வழியே பொருந்தும். முன்கழுத்து வழியாகத் தட்டை அகற்றும் முறையை 1955 இல் அமெரிக்கரான ரொபின்சனும் சிமித்தும் வெளியிட்டனர். யாழ்தேவி ஓடத்தொடங்கிய 1956 இலேயே, வைத்தியர் ஷெல்ரன் கப்ரால் கொழும்பில் நரம்பியற் சத்திரசிகிச்சையைத் தொடக்கிவைத்தார்.

இம்முறையில் மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் மெல்ல ஒதுக்கி, பழுதுற்ற தட்டை நீக்கி, அவ்விடத்தில் என்புத்துண்டையோ செயற்கைத் துண்டையோ பொருத்துவர். கைநோவு தணிவதுபோற் கழுத்துநோவு தணியும் என்பது நிச்சயமன்று. சில நாள் குரல் கம்மலாம், விழுங்குவதும் கடினமாயிருக்கலாம். பலர் ஓரிரு நாளில் எழுந்து நடப்பர். நெல்மூடையையும் தண்ணீர்க்குடத்தையும் வைத்தியர் அனுமதிக்கும்வரை தொடலாகாது.