சிஓஇ கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு இஆர்பி? சிங்கப்பூர் கார் கணக்கு

சிங்கப்பூரில் கார் வாங்கணும்னா முதல்ல 10 வருஷத்துக்கான சிஓஇ சான்றிதழை ஏலத்தில் எடுக்கணும். சாலை வரி தனி. இவ்வளவும் கட்டின பிறகு, நெரிசல் நேரத்தில் இஆர்பி வளைவைத் தாண்டினா அதுக்கும் கட்டணம். 'ஒரே காருக்கு எத்தனை தடவை கட்டுறது?' நியாயமான கேள்விதான். பதில் காஸ்ட் அக்கவுன்டிங்கில் இருக்கு.

சிஓஇ, சாலை வரி ரெண்டுமே ஃபிக்ஸட் காஸ்ட். காரை வீட்டிலேயே நிறுத்தி வெச்சாலும் அதே தொகைதான். அன்லிமிடெட் மீல்ஸ் டோக்கன் வாங்கினவர் அளவாவா சாப்பிடுவார்? 'இவ்வளவு காசு போட்டிருக்கோமே'ன்னு தினமும் காரை எடுப்பார். ஆனா நெரிசல்ல நுழையுற ஒவ்வொரு காரும் பின்னாடி வர்றவங்க நேரத்தையும் தின்னுது. அந்தச் செலவுக்குப் போடுற பில்தான் இஆர்பி. இது வேரியபிள் காஸ்ட்.

1975 ஜூனில் இது காகித உரிமமா ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு 3 வெள்ளி, காலை 7.30 முதல் 9.30 வரை. என்ன ஆச்சு? 9.30 தாண்டினதும் கார்கள் மொத்தமா உள்ளே நுழைஞ்சது! கட்டண நேரத்தை 10.15 வரை நீட்டினாங்க. 1998இல் மின்னணு முறை வந்தது. விரைவுச்சாலையில் மணிக்கு 45–65 கி.மீ., மற்ற முக்கியச் சாலைகளில் 20–30 கி.மீ. வேகம் இருக்கணும்ங்கிறது இலக்கு. வேகம் குறைஞ்சா கட்டணம் ஏறும், கூடினா இறங்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் சாலைகள் காலியானப்போ கட்டணமே வாங்கல.

ஒரு சிக்கலும் இருக்கு. மாசம் 160 மணி நேர வேலைன்னு வெச்சுப்போம். 8,000 வெள்ளி சம்பளக்காரருக்கு 3 வெள்ளிங்கிறது 4 நிமிஷத்துக்கும் குறைவான உழைப்பு. 2,400 வெள்ளி வாங்குறவருக்கு 12 நிமிஷம். அவரால ஆபீஸ் நேரத்தையும் மாத்த முடியாது. அதனால நல்ல ரயிலும் பஸ்ஸும் இல்லாத ஊரில் இதே திட்டம் வந்தா, அது அவர் மேல விழுற இன்னொரு வரிதான்.

நீங்க செய்ய வேண்டியது: கார் வாங்கலாமான்னு முடிவு பண்ணும்போது ஃபிக்ஸட், வேரியபிள் ரெண்டையும் கூட்டுங்க. வாங்கின பிறகு 'இன்னைக்கு காரா, ரயிலா?'ன்னா பெட்ரோல், பார்க்கிங், இஆர்பியை மட்டும் டிக்கெட்டோட ஒப்பிடுங்க. சிஓஇ போன பணம். அதுக்காக நெரிசல்ல போய் நிக்காதீங்க!