எழுத்தில் ஏறாத குரல்

'பாவம்' என்று எழுதியிருக்கிறது. இரக்கப்படுகிற பாவமா, நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவமா? தமிழ் தெரிந்தவர் இடம் பார்த்துச் சரியாக உச்சரித்துவிடுவார். பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி இப்படியே படிக்க வேண்டியிருந்தால்?

அசாமில் ஏறக்குறைய 2,000 பேர் மட்டுமே பேசும் தை பாக்கே அப்படிப்பட்ட மொழி. தாய்லாந்து மொழிக்கும் பர்மாவின் ஷான் மொழிக்கும் உறவுக்காரி. தேரவாத பௌத்தர்களான பாக்கே மக்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவின் ஹூகாங் பள்ளத்தாக்கிலிருந்து மலை தாண்டி வந்தவர்கள். திப்ருகர் மாவட்டத்தில், புரிதிஹிங் ஆற்றங்கரையிலுள்ள நாம்பாக்கே அவர்களுடைய முக்கியமான ஊர்.

இம்மொழியில் ஆறு தொனிகள். 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் நாய்; இன்னொன்றில் 'வா'; வேறொன்றில் குதிரை. குரலின் ஏற்ற இறக்கம் இங்கே உணர்ச்சியைக் காட்டுவதோடு நிற்பதில்லை, சொல்லையே மாற்றிவிடுகிறது. ஆனால் அவர்களுடைய மரபு எழுத்தில் தொனிக்குக் குறியே கிடையாது. விகாரைச் சுவடியைப் படிப்பவர் முன்பின் சொற்களைக் கொண்டு பொருளைப் பிடித்து, உரிய தொனியைத் தாமே சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். சுவடியின் பாதி அவர் தொண்டையில் இருக்கிறது.

அந்தத் தொண்டைகள் ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே அசாமில் சாட்சி உண்டு. 1228இல் சுகாபா என்ற இளவரசருடன் வந்து, சுமார் 600 ஆண்டுகள் ஆண்ட ஆஹோம்களும் தை மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. அரசு அவர்கள் கையில் இருந்தபோதே அசாமிய மொழிக்கு மாறிவிட்டார்கள். என்னை அதிகம் உறுத்துவது இதுதான்: ஆட்சிகூட அந்த மொழியைக் காக்கவில்லை. புரஞ்சி என்னும் வரலாற்றுச் சுவடிகள் இருக்கின்றன. அசாமியப் பொருளோடு 'பர் அம்ரா' என்ற சொற்றொகுதியும் இருக்கிறது. 2015இல் ஆஹோம் எழுத்துகள் யூனிகோடிலும் ஏறின. இன்று 'மா' என்று தட்டச்சு செய்யலாம். ஆனால் அந்த எழுத்திலும் தொனிக்குக் குறி இல்லை; நாய்க்கும் குதிரைக்கும் பழைய ஆஹோம்கள் குரலை எப்படி வேறுபடுத்தினார்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பாக்கே போன்ற உறவு மொழிகளோடு ஒப்பிட்டு ஊகிக்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆஸ்திரேலிய மொழியியலாளர் ஸ்டீபன் மோரி அசாமின் தை மொழிகளைப் பதிவு செய்து, 2005இல் அவற்றின் இலக்கணத்தை வெளியிட்டார். அந்த வேலை இன்னும் வேகமாக, பாக்கே மக்களின் கையாலேயே நடக்க வேண்டும். சுவடிகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவைப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து, அவர் வாய்விட்டு வாசிப்பதையும் அப்படியே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.